பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு விலைக்கு வருகிறது என்று பேச்சுக் கிளம்பினால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "எத்தனை பங்கு?" என்றுதான் கேட்பார்கள். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி எத்தனை அறை, எந்த அறை எந்தப் பிள்ளை வழியில் வந்தது, பங்காளிகளில் யார் கோலாலம்பூரில், யார் சென்னையில், கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பவர் யார் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் மதிப்புப் போடுவார்கள். அதே மனிதர்கள் மென்பொருள் என்று வந்துவிட்டால் இந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிடுகிறார்கள். "ஏந்தம்பி, நம்ம பில் போடுற சாமானோட கம்பெனிய எவனோ பெரிய ஆள் வாங்கிட்டானாமே, இனிமே காசு கேப்பானா?" பலகாரக் கடையில் மணகோலத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்கிறார்கள். கல் அறுக்கும் பட்டறையில் விலைப்பட்டியல் அடிக்கிறவர் கேட்கிறார். பள்ளிக்கூட அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி உறுத்துவதற்குக் காரணம், அதன் பதில் அநேகமாக எப்போதும் "கேட்க மாட்டான்" என்பதுதான். திறமூல உரிமத்தில், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம் என்ற அனுமதியோடு, ஒருமுறை வெளியிட்ட பதிப்பு வெளியிட்டதுதான். ஜிபிஎல் ஆனாலும் அப்பாச்சி ஆனாலும் எம்ஐடி ஆனாலும், உங்கள் கணினியில் இன்று ஓடுகிற பிரதியை நாளை வருகிற முதலாளி பிடுங்க முடியாது. அந்தப் பதில் ஆறுதலாக இருக்கிறது. ஆறுதல் கிடைத்ததும் கேட்டவர் பொட்டலத்தைக் கட்டி முடித்துவிடுகிறார். இரண்டு மூன்று வருஷம் கழித்து சர்வர் அப்டேட் எடுக்க மறுக்கும்போதுதான், கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது என்று தெரிகிறது.

விற்கப்படுவது எது

ஒரு திறமூல நிறுவனத்தை இன்னொருவர் வாங்கும்போது கைமாறுவது நிரல் அல்ல. நிரல் ஏற்கெனவே ஊருக்கே கிடைக்கிறது. கைமாறுவதில் முதலாவது பதிப்புரிமை, அதாவது பத்திரம். அடுத்த பதிப்பை எந்த உரிமத்தில் வெளியிடலாம், ஜிபிஎல் கட்டுப்பாடு (அதைச் சேர்த்து வெளியிட்டால் உங்கள் நிரலையும் திறக்க வேண்டும் என்பது) வேண்டாம் என்பவருக்குத் தனி உரிமம் விற்கலாமா என்பதையெல்லாம் பதிப்புரிமைக்காரர்தான் முடிவுசெய்வார். அப்புறம் டிரேட்மார்க். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், அது விலாசம். பர்மாவிலும் மலாயாவிலும் தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள், வாங்கினார்கள். பிறகு சாவிக் கொத்து: தரவிறக்கத் தளம், அப்டேட் தருகிற சர்வர், கோப்பு அசல்தான் என்று கையொப்பமிடும் டிஜிட்டல் சாவி, ப்ளே ஸ்டோர் கணக்கு. கடைசியாக, சம்பளப் பட்டியல். அந்த நிரலின் மூலைமுடுக்கு தெரிந்த பத்துப் பதினைந்து பேர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது.

உரிமம் காப்பாற்றுவது நேற்றைய நிரலை மட்டும். மேலே சொன்னவை நாளைக்கு உரியவை. அவை ஒரே கையில் குவிந்திருக்கின்றனவா, பல கைகளில் சிதறியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே வாங்கியவர் என்ன செய்ய முடியும் என்பது அமைகிறது. வாங்குகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சி எனக்கு வீண் வேலையாகவே படுகிறது. நல்லவர் அடுத்த வருஷம் இன்னொருவருக்கு விற்பார்.

ஒன்பது மாதம்

இதை உலகத்துக்குப் புரியவைத்த வழக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுடையது. அதை உருவாக்கிய ஸ்வீடன் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. வெளியார் யார் நிரல் எழுதிக் கொடுத்தாலும், அதன் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ப்பார்கள். நம் சார்பதிவாளர் அலுவலக மொழியில் சொன்னால் விடுதலைப் பத்திரம். காரணம் வியாபாரம். ஜிபிஎல்லில் இலவசமாகத் தருவார்கள். தன் பெட்டிக்குள் அதைப் பதித்து, தன் நிரலைத் திறக்காமல் விற்க விரும்பும் நிறுவனத்துக்குக் காசுக்குத் தனி உரிமம் தருவார்கள். இரண்டு உரிமம் தர முழுப் பத்திரமும் ஒரே பேரில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. ஆனால் முழுப் பத்திரமும் ஒரே பேரில் இருந்தால் ஒரே கையெழுத்தில் கிரயமும் ஆகிவிடும்.

2005 அக்டோபரில் ஆரக்கிள், பின்லாந்தின் இன்னோபேஸ் நிறுவனத்தை வாங்கியது. மைஎஸ்கியூஎல்லில் பரிவர்த்தனைகளைத் தாங்கும் இன்னோடிபி எஞ்சினைச் செய்தவர்கள் அவர்கள்தான். வீட்டை வாங்குமுன் கிணற்றை வாங்கியது போல. 2008 தொடக்கத்தில் சன் நிறுவனம் மைஎஸ்கியூஎல்லைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 ஏப்ரல் 20 அன்று சன்னையே 740 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. உலகின் பெரிய வணிகத் தரவுத்தள நிறுவனத்தின் கையில், அதற்கு மலிவான மாற்றாக வளர்ந்த தரவுத்தளம்.

அந்த ஏப்ரலிலிருந்து 2010 ஜனவரி 27 அன்று கிரயம் முடியும் வரை நடந்தவற்றைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்பேன். ஐரோப்பிய ஆணையம் செப்டம்பரில் விரிவான விசாரணையைத் தொடங்கியது, நவம்பரில் ஆட்சேபம் தெரிவித்தது. மைஎஸ்கியூஎல் நிறுவனர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், விற்று இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், வீட்டைக் காப்பாற்றுங்கள் என்று ஊரைக் கூட்டினார். விற்றவருக்கு இதைக் கேட்க என்ன யோக்கியதை என்று பலர் சிரித்தார்கள். சிரிப்பு நியாயம்தான். ஆனால் அவர் எடுத்த சட்டப் புள்ளி நியாயமானது. "நிரல் ஜிபிஎல்லில்தானே இருக்கிறது, பிடிக்காவிட்டால் நகலெடுத்துத் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னது. அவர் பதில்: நகலெடுக்கலாம், ஆனால் நகலெடுத்தவனிடம் பத்திரம் இல்லை. தனி உரிமம் விற்று அந்தக் காசில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழி பத்திரக்காரனுக்கு மட்டும்தான். இப்படி நகலெடுத்துத் தனியாக வளர்க்கும் ஃபோர்க் என்பது நம் ஊரில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பது மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். வேறு வைக்கும்போது அடுப்பு மட்டுமா கொடுக்கிறார்கள்? பானை, அரிசி, வருஷச் செலவுக்குப் பணம் எல்லாம் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். ஃபோர்க்கில் அடுப்பு மட்டும்தான் வரும்.

2009 டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் பத்து வாக்குறுதிகளை வெளியிட்டது. அடுத்த பதிப்புகளும் ஜிபிஎல்லில் வரும், பிற எஞ்சின்களுக்கான இணைப்பு வழி அடைக்கப்படாது என்பவை போல. ஐந்து வருஷத்துக்கு. 2010 ஜனவரி 21 அன்று ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. அதற்குள் விடேனியஸ் நகலெடுத்து, இளைய மகள் மரியாவின் பேரில் மரியாடிபி என்று தொடங்கிவிட்டார். மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் 'மை' மூத்த மகள்.

பிறகு என்ன ஆயிற்று? பயந்த மாதிரி மூடவில்லை. சொல்லப்போனால் 2013ல் வந்த 5.6, 2015ல் வந்த 5.7 இரண்டும் பழைய சொந்தக்காரர்கள் காலத்தை விடத் தரமானவை. ஐந்து வருஷக் கெடு முடிந்தும் மைஎஸ்கியூஎல் இன்றுவரை ஜிபிஎல்தான். மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. 2011ல் த்ரெட் பூல் (ஒரே நேரத்தில் பலர் இணைவதைச் சமாளிப்பது) போன்ற புது வசதிகள் காசு கொடுப்பவர்களின் பதிப்புக்கு மட்டும் என்றாயின. 2012ல் திருத்தப்பட்ட சில பிழைகளுக்கான சோதனைக் கோப்புகள் வெளியே வருவது நின்றது. வீட்டை இடிக்கவில்லை. புதிதாகக் கட்டிய அறைகளுக்கு மட்டும் பூட்டு. லினக்ஸை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரும் வழங்கல்கள் இதைக் கவனித்தன. 2014ல் ரெட் ஹாட் 7ம், 2017ல் டெபியன் 9ம் மைஎஸ்கியூஎல் இருந்த இடத்தில் மரியாடிபியை வைத்தன.

நம் ஊர்க் கடைகளுக்கு இதன் விளைவு வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்த பையன் விண்டோஸில் மைஎஸ்கியூஎல் 8 நிறுவியிருப்பான். பிறகு ஒரு நாள் செலவு குறைய டெபியன் சர்வருக்கு மாற்றுவார்கள், அங்கே இருப்பது மரியாடிபி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தரவுக் கோப்புறையை அப்படியே தூக்கி வைப்பார்கள். 5.7 வரை அது பலருக்கு நடந்தது. 8லிருந்து நடக்காது. மைஎஸ்கியூஎல் 8 தன் அட்டவணைகளின் விவரம் முழுவதையும் இன்னோடிபிக்குள்ளேயே புதுவிதமாக வைக்கிறது. மரியாடிபிக்கு அது படிக்கத் தெரியாது.

ஆகவே எழுத்து வடிவில் டம்ப் (தரவு முழுவதையும் கட்டளைகளாக எழுதிய கோப்பு) எடுத்துத்தான் மாற்ற வேண்டும். எடுக்கும்போது உங்கள் தரவுத்தளத்தை மட்டும் எடுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற பேரிலேயே உள்ளே இருக்கும் நிர்வாகத் தரவுத்தளத்தைச் சேர்த்து ஏற்றினால் மரியாடிபியின் பயனர் அட்டவணை குழம்பும். ரொட்டீன்ஸ் (ஸ்டோர்டு புரொசீஜர் போல உள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்கள்), ஈவென்ட்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இரண்டையும் கட்டளையில் தனியாகக் கேட்க வேண்டும், இயல்பாக வராது. பில் எண்ணை ஏற்றுவதை ஸ்டோர்டு புரொசீஜரில் எழுதியிருந்தால், மாற்றிய மறுநாள் முதல் பில்லே விழாது. எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். இதில் தவறினால் இரண்டு விதமாகக் கெடும். தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம், தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, தப்பான கண்ணாடியில் பார்க்கிறோம் என்று அர்த்தம், மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்து போய்விட்டது. பழைய டம்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

டம்ப்பை ஏற்றும்போது முதலில் முட்டுவது கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. மைஎஸ்கியூஎல் 8 தன் அட்டவணைகளுக்கு இயல்பாக வைப்பது, பெயரின் நடுவே 0900 என்று வரும் கொலேஷன். மரியாடிபியின் பல பதிப்புகள் அப்படி ஒன்றைத் தெரியாது என்று நிறுத்திவிடும். டம்ப் கோப்பில் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்ற வேண்டும். இதை நோட்பேடில் திறந்து செய்யாதீர்கள், 2 ஜிபி கோப்பில் அது மூச்சுத் திணறும். லினக்ஸில் செட் (sed) கட்டளை ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். பயனர்களைப் புதிதாக உருவாக்கிக் கடவுச்சொல் கொடுங்கள், 8ன் புதிய கடவுச்சொல் முறை அப்படியே பெயர்ந்து வராது. திரும்பிப் போகிறவர்களுக்கும் ஒரு முள் உண்டு. 2024 மே மாதத்துக்குப் பிந்தைய மரியாடிபி பதிப்புகளில் எடுத்த டம்ப்பின் முதல் வரியில் சேண்ட்பாக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கும். மைஎஸ்கியூஎல் அந்த வரியிலேயே தடுக்கி விழும். வரியை நீக்கிவிட்டு ஏற்றினால் போகும். எல்லாம் ஏறிய பிறகு வரிகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாமல், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஐந்தொகை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் நூறு வருஷமாகச் செய்த வேலை அது, எந்தச் சோதனைக் கருவியையும் விட நம்பலாம்.

இத்தனை வேலையும் எங்கோ ஒரு கிரயம் நடந்ததற்கு இங்கே கட்டும் வரி. காசு கேட்கவில்லைதான்.

விலாசம் மட்டும் மிஞ்சினால்

அதே கிரயத்தில் ஓப்பன்ஆபீஸும் ஆரக்கிளிடம் போனது. இங்கே ஆட்கள் காத்திருக்கவில்லை. 2010 செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, லிப்ரேஆபீஸ் என்ற பேரில் வெளியேறினார்கள். 2011 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. அந்த ஜூனில் ஆரக்கிள் ஓப்பன்ஆபீஸைப் பெயரோடு அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. முன்பே கொடுத்திருந்தால் இரண்டு வீடு ஆகியிருக்காது.

ஆட்கள் ஒரு பக்கம், விலாசம் ஒரு பக்கம். மக்கள் விலாசத்தைத்தான் தேடுவார்கள். இன்றும் பழைய கணினி வாங்கியவர்கள் "ஓப்பன் ஆபீஸ்" என்று தேடித் தரவிறக்குகிறார்கள். 2015 ஏப்ரலில் கொரிய ஆவணக் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. லிப்ரேஆபீஸ் அப்போதே அடைத்துவிட்டது. ஓப்பன்ஆபீஸில் அதற்கான பதிப்பு அக்டோபரில்தான் வந்தது. அதுவரை அந்தப் பகுதியின் கோப்பையே அழித்துவிடச் சொன்னார்கள். அன்றாடத்தில் முட்டும் குறையும் உண்டு. ஓப்பன்ஆபீஸ் 4.1ல் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பைத் திறக்கலாம், அந்த வடிவில் சேமிக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த விலைப்பட்டியலைத் திருத்தி அதே வடிவில் திருப்பி அனுப்ப வேண்டிய பட்டறைக்காரர், பழைய விலாசத்தை நம்பியதற்காக ஒவ்வொரு முறையும் கோப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார். லிப்ரேஆபீஸ் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தீரும்.

பாகம் பிரிந்த செட்டியார் குடும்பங்களில் பழைய விலாசம் ஒருவருக்கு என்றால், மற்றவர் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ புது விலாசம் வைத்துக்கொள்வார். நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஹட்சன் என்ற கருவியை வளர்த்தவர்கள் 2011ல் அதைத்தான் செய்தார்கள். பெயர் ஆரக்கிளுடையது என்றானதும் ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டு போனார்கள். இன்று ஹட்சனை யாருக்கும் நினைவில்லை. ஜாவாவில் இன்னும் விசித்திரம். ஜாவா மொழியில் சர்வர் செயலி எழுத உதவும் ஜாவா ஈஈ தொகுப்பை ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது, ஆனால் பெயரைக் கொடுக்கவில்லை. நிரலுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களை வைத்துக்கொண்டு மேலே வளர்க்க முடியாமல் போய், 'ஜகார்த்தா' என்று மாற்றினார்கள். பழைய செயலியை டாம்கேட் என்ற ஜாவா சர்வரின் 9ம் பதிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தவர் 10க்கு மாறினால் ஒன்றுமே ஓடாமல் போவது இதனால்தான். நிரலில் தவறில்லை, விலாசம் மாறியிருக்கிறது. டாம்கேட் குழுவே தரும் மாற்றுக் கருவியில் செயலியின் வார் கோப்பைக் கொடுத்தால் பெயர்களை மாற்றித் தரும்.

சாவிக் கொத்து

சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் வழங்கலின் கதை நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சொல்லாமலே தெரியும். 2014ல் ரெட் ஹாட் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019 ஜூலையில் 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் ரெட் ஹாட்டை வாங்கி முடித்தது. 2020 டிசம்பர் 8 அன்று, 2029 வரை இருக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31உடன் முடியும் என்ற அறிவிப்பு வந்தது. பழைய 7ஓ 2024 ஜூன் 30 வரை. சோம்பேறித்தனமாக 7லேயே இருந்தவர் தப்பித்தார், பொறுப்பாக 8க்கு மாறியவர் மாட்டிக்கொண்டார். இதில் ஐபிஎம்மின் கை எவ்வளவு என்ற வாதம் எனக்கு முக்கியமில்லை. நிரல் முழுவதும் திறமூலம். ஆனால் பேரும் அப்டேட் சர்வரும் ஒரே சாவிக் கொத்தில் இருந்தன, கொத்து 2014லேயே கைமாறிவிட்டது. ஐபிஎம் வந்தது பிறகு.

நின்ற பிறகு நடப்பது ஒரே மாதிரிதான். அப்டேட் கிடைக்கும் சர்வர்களைச் சொல்லும் மிரர் பட்டியல் காணாமல் போகும், ஆப்ஸ்ட்ரீம் விவரத்தை இறக்க முடியவில்லை என்று அப்டேட் இறக்கும் டிஎன்எஃப் கட்டளை சொல்லும். எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரியை முடக்கி, பேஸ்யூஆர்எல்லை வால்ட் சர்வருக்குத் திருப்பினால் மறுபடி ஓடும். இதைச் செய்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வால்ட் என்பது பழைய சாமான் போட்டு வைக்கும் அறை, அங்கே புது ஓட்டை அடைப்பு எதுவும் வராது. அதைக் கடைசி நிலைக்கு வந்து சேரும் படியாக மட்டும் வைத்துக்கொண்டு, உடனே அதன் இடத்துக்கு வந்த அல்மா அல்லது ராக்கி வழங்கலின் மாற்று ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். ஓட்டுமுன் வெளி ரெப்போக்களைப் பாருங்கள், பூட் பகுதியில் இடம் இருக்கிறதா பாருங்கள், கன்ட்ரோல் பேனல் போட்டிருந்தால் அது புது வழங்கலை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். பாதியில் நின்றால் சர்வர் பூட் ஆகாது.

பிட்னாமியின் கன்டெய்னர் படிமங்களுக்கும் (அப்படியே ஓட்டத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள் பொதிகள்) இதே கதி. விஎம்வேர் 2019ல் வாங்கியது, விஎம்வேரை 2023ல் பிராட்காம் வாங்கியது, 2025ல் இலவசப் படிமங்கள் அப்டேட் வராத ஒரு கிடங்குக்கு மாற்றப்பட்டன. அதை நம்பி எழுதிய அமைப்புகள் மறுபடி படிமத்தை இழுக்கப் போனபோது தடுக்கின. கைபேசியில் இது சத்தமே இல்லாமல் நடக்கும். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற எளிய ஆண்ட்ராய்டு செயலித் தொகுப்பை 2023 இறுதியில் உருவாக்கியவர் விற்றார். ப்ளே ஸ்டோர் கணக்கும் கையொப்பச் சாவியும் சேர்ந்தே போனதால், தானியங்கி அப்டேட் வழியே புது முதலாளி அதே பேரில் உள்ளே வந்துவிடலாம். ஜிபிஎல் நிரல் ஃபாசிஃபை என்ற பேரில் தனியாக வாழ்கிறது. தெரிந்தவர்கள் மாறிக்கொண்டார்கள். அப்பத்தாவின் கைபேசியில் யார் மாற்றுவது?

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது

மனை வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஒரு மென்பொருளைக் கடைக்கு அடித்தளமாக வைக்குமுன் அரைமணி நேரம் இதே வேலை செய்யலாம். உரிமக் கோப்பை எல்லாரும் பார்ப்பார்கள். அதை விடப் பேசுவது, பங்களிப்பு விதிகள் எழுதியிருக்கும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பு. அங்கே சிஎல்ஏ (நிரல் எழுதித் தருபவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) கையெழுத்திடச் சொன்னால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். உரிமையையே மாற்றித் தரச் சொன்னால் விடுதலைப் பத்திரம். எந்த உரிமத்திலும் மறுவெளியீடு செய்யும் அதிகாரத்தை மட்டும் கேட்டால் பவர் பத்திரம், பலன் ஏறக்குறைய அதேதான். பவர் வாங்கியவர் விற்ற சொத்து எத்தனை என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்க உதவும் தன் டெர்ராஃபார்ம் கருவியை எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து திறமூலம் அல்லாத உரிமத்துக்கு மாற்ற முடிந்தது இப்படிப்பட்ட ஏற்பாட்டால்தான். ஐபிஎம் அந்த நிறுவனத்தை வாங்கப் போவதாக அறிவித்தது அடுத்த வருஷம் ஏப்ரலில். அதாவது கிரயத்துக்கு முன்பே பத்திரம் மாறியிருந்தது. விற்பனைச் செய்தி வரும் வரை காத்திருந்து பயப்படுவதில் பிரயோசனம் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

சிஎல்ஏ இல்லாமல், ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் 'ஸைன்டு-ஆஃப்-பை' என்று ஒரு வரி மட்டும் கேட்டால் அது வேறு வகை. லினக்ஸ் கெர்னல் 2004 முதல் அப்படித்தான். எழுதியவர் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆயிரக்கணக்கான பங்காளிகள், எல்லாரிடமும் கையெழுத்து வாங்க எந்த ஐபிஎம்மாலும் முடியாது. அடுத்து, யார் எதை மாற்றினார் என்ற பதிவேடான கிட் லாக்கில் கடந்த ஒரு வருஷத்தை எடுத்து மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் எண்ணுங்கள். பத்தில் ஒன்பது ஒரே நிறுவனத்தின் முகவரி என்றால், உரிமம் எதுவானாலும் வீட்டில் அடுப்பெரிப்பது ஒருவர்தான். பெயர் யாரிடம், நீங்கள் இறக்கும் சர்வர் யாருடையது என்பது கடைசி. போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் இதில் முன்மாதிரி. 2020ல் அதில் வேலை செய்யும் இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகின. நடுக்குழுவில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தார் இருக்கக் கூடாது என்ற அவர்களது பழைய வழக்கம் அதனால் மீறப்பட்டது. வேறு இடங்களைச் சேர்ந்த இருவரைக் குழுவில் சேர்த்துச் சமன் செய்தார்கள். நகரத்தார் கோயில்களில் நிர்வாகத்தை ஒரு குடும்பமே வைத்துக்கொள்ளாமல் முறை வைத்து மாற்றுவது போன்ற ஒரு விவேகம்.

பங்கு சிதறியிருப்பதும் சும்மா வருகிற புண்ணியம் அல்ல. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஓடு சரிந்து மழைநீர் வளவில் இறங்கும் பூட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செப்பனிடக்கூட எல்லாப் பங்காளியும் ஒத்துக்கொள்ள வேண்டும். விஎல்சி பிளேயர்க்காரர்கள் 2011, 2012ல் தங்கள் நிரலை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பல வருஷங்களுக்கு முன் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களையெல்லாம் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. செய்து முடித்தார்கள், ஆனால் அத்தனை பொறுமை எல்லாரிடமும் இருக்காது.

மரியாடிபிக்கே திரும்ப வருகிறேன். ஒரு கிரயத்துக்குப் பயந்து தனியாகப் போன அந்த வீடும் 2024ல் விலை போனது. அதை நடத்திய நிறுவனத்தை கே1 என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அறக்கட்டளை தனியாக இருக்கிறது. "இனிமே காசு கேப்பானா?" என்று மறுபடி ஒரு சுற்றுக் கேள்வி. வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அதன் சர்வர் நிரலின் அடித்தளம் மைஎஸ்கியூஎல்லிலிருந்து எடுத்தது. அந்த வரிகளின் பதிப்புரிமை இன்றும் ஆரக்கிளுடையது. அதன் மேல் கட்டியது மற்றவர்களுடையது. ஆகவே மரியாடிபி சர்வரை மூடிய உரிமத்துக்கு மாற்ற வேண்டுமானால் கே1 போய் ஆரக்கிளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். யாரிடமிருந்து தப்பிக்க அந்த வீட்டைக் கட்டினார்களோ, அவருடைய பங்கு உள்ளே இருப்பதால்தான் அதன் கதவைப் பூட்ட முடியவில்லை.